ஆறு நிமிடச் சாட்சி

அத்தியாயம் 7

"பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வருது. அதுக்குள்ள, டிஸ்க்கை உடைச்சது இவதான்னு ஒரு பக்கத்துக்கு எழுதி, கீழ உங்க கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டுக் கிளம்பிட்டே இருங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

லிஃப்ட் பரிசோதனை நிறுவனத்தின் முதலாளி இதைச் சொன்னபோது யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். மணி பத்தேகால்.

வந்திருந்தவர்கள் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ஊர் வைத்த பெயர் துருவி. கம்ப்யூட்டர் வழியாக நடக்கிற திருட்டையும் புரட்டையும் துப்புத் துலக்குவது அவள் தொழில். கூட வந்தவள் ஊசி, துருவியின் கணவனுக்குத் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரே தொழிலையும் பார்த்தால் அந்த வீடு தாங்குமா என்று உறவுக்காரர்கள் கேட்காத நாளில்லை. தாங்கத்தான் செய்தது, சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

ஊசிக்கு இந்த முதலாளியை வாசலிலேயே பிடிக்காமல் போய்விட்டது. செருப்பைக் கழற்றச் சொன்ன தோரணை பிடிக்கவில்லை. 'இவ' என்று விரலை நீட்டிய விதம் அதைவிடப் பிடிக்கவில்லை.

அந்த 'இவ' சுவர் ஓரமாக நின்றிருந்தாள். பதினாறு வருடமாக இங்கே டைப்பிஸ்ட். நாற்பது வயது இருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஊசி ஆறுதலாக ஒரு சிரிப்பு சிரித்துப் பார்த்தாள்.

"சிரிக்காதீங்க," என்றாள் டைப்பிஸ்ட். "நீங்க யாருக்கு வேலை பார்க்கறீங்கன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம்."

"நல்ல வரவேற்பு," என்றாள் ஊசி. "அண்ணி, இவங்களும் நம்மை உட்காரச் சொல்லப் போறதில்லை."

துருவி எதையும் காதில் வாங்கவில்லை. "விஷயத்தைச் சொல்லுங்க," என்றாள் முதலாளியிடம்.

விஷயம் இதுதான். ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கயிறு அறுந்து நாலு மாடி கீழே விழுந்தது. மூன்று பேர் இன்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த லிஃப்ட்டைப் போன வருடம் சோதித்து 'ஓட்டலாம்' என்று சான்றிதழ் கொடுத்தது இந்த நிறுவனம். சோதனைக் கருவி எடுக்கிற அளவுகள் யார் கையும் படாமல் நேராக ஒரு டிஸ்க்கில் போய் உட்காரும். காயம்பட்டவர்களின் வக்கீல் அந்த மூல அளவுகளைக் கேட்டிருந்தார்.

"அதுல கயிறு நல்லா இருந்ததுன்னு பளிச்சுனு பதிவாகி இருந்துச்சு," என்றார் முதலாளி. "என்னைக் காப்பாத்தற ஒரே சாட்சி அதுதான். இருபதாம் தேதி சாயங்காலம் நானே திறந்து பார்த்தேன். நல்லா இருந்துச்சு. அன்னிக்கு எல்லாரும் போன பிறகு கடைசியா இருந்தவ இவ. இருபத்தொண்ணாம் தேதி காலைல பார்த்தா டிஸ்க் நசுங்கிக் கிடக்கு. அந்த வக்கீலோட கைகோத்துட்டு என் சாட்சியையே கொன்னுட்டா. புகார் எழுதி வெச்சிருக்கேன். உங்க அறிக்கையை அதோட சேர்த்துக் குத்தணும், அவ்வளவுதான்."

"அந்தக் கம்ப்யூட்டர் மிஷின் பெட்டிக்குச் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. நான் என் சாட்சியை நானே உடைப்பேனா?"

ஊசி டைப்பிஸ்ட்டைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டக் குட்டக் குனிகிறவர்களைக் கண்டால் ஊசிக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு அந்த எரிச்சலோடு பாவமும் வந்தது.

துருவி சுவரில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் போய் நின்றாள். மாத வருகைப் பட்டியல். ஆறு பேர் பெயர், தேதிக்கு ஒரு கட்டம், பாதிக் கட்டங்களில் சிவப்பு மை.

"இது என்ன சிவப்பு?"

"தாமதம். இங்க ஒரு ஒழுங்கு உண்டு," என்றார் முதலாளி பெருமையாக. "சரியா ஒன்பதுக்கு நான் கதவைத் திறப்பேன். மிஷினைப் போடுவாங்க. அவங்கவங்க பேர்ல உள்ளே நுழையணும். மிஷின் குறிச்சுக்கற நேரம்தான் வருகை. ஒன்பது அஞ்சுக்கு மேல போனா சிவப்பு. அழுதாலும் மாத்த மாட்டேன்."

"பதிமூணாம் தேதி வரைக்கும் ஒரு சிவப்பு கூட இல்லை. பதினாலாம் தேதியிலேருந்து வந்த அத்தனை பேரும் தினமும் சிவப்பு." துருவி திரும்பினாள். "ஒரே நாள்ல மொத்த ஆபீஸும் சோம்பேறி ஆயிடுச்சா?"

"சாக்கு! மிஷின் மெதுவா வருதாம். வந்து நின்னுட்டுத்தான் இருக்கோம்னு கத்தறாங்க. சர்வீஸ்காரனைக் கேட்டேன், வைரஸ்னான். அதெல்லாம் எதுக்கு இப்போ? உங்களை டிஸ்க்கைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன், என் ஆளுங்களுக்கு வக்காலத்து வாங்க இல்லை."

"மிஷினைக் காட்டுங்க," என்றாள் துருவி.

பக்கத்து அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். மேஜையில் திரை, முன்னால் முதலாளி போய் உட்கார்ந்துகொண்ட ஒரே நாற்காலி, பக்கத்தில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் மிஷின், மேஜைக்குக் கீழே பழைய வயர்கள், ஒரு தகரப் பெட்டி. நாலு பேர் நிற்க இடமில்லாமல் டைப்பிஸ்ட் வாசல் நிலையில் ஒட்டிக்கொண்டாள். துருவி குனிந்து தகரப் பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் திறந்து, உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டு, மூடினாள்.

"ஊசி, கால் கடுக்க நிக்காத. இதை இழுத்துப் போட்டு இது மேல உட்காரு."

"பெரிய மரியாதைதான். நாற்காலி கேட்டா தகர டப்பா கிடைக்குது."

"உட்காருன்னா உட்காரு. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத. போன்ல நேரம் பாரு."

ஊசி முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். துருவி மிஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரையில் தயாரிப்பாளரின் முத்திரை வந்தது. அதற்குக் கீழே ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"இப்படித்தான் தினமும்," என்றார் முதலாளி. "வைரஸ்."

"வைரஸ், தானா ஓடற புரோகிராம், எல்லாம் ஆள் உள்ளே நுழைஞ்ச பிறகு பண்ற சேட்டை," என்றாள் துருவி. "இது இன்னும் வாசல் கதவையே திறக்கலை. கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே யாருக்காகவோ காத்துட்டிருக்கு."

"யாருக்காக?"

"அதைத்தான் அது சொல்லணும்."

"ஆறு நிமிஷம் பத்து விநாடி," என்று ஊசி அறிவித்தாள், ஒருவழியாகத் திரை மாறியபோது. "இந்த நேரத்துல எங்க வீட்ல ரெண்டு சண்டை போட்டு முடிச்சிருப்போம் சார்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில் சுண்ணாம்பு வெந்துவிடும். துருவி விசைப்பலகையில் எதையோ தட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மளமளவென்று இறங்கின. ஒவ்வொரு வரியின் தலையிலும் நேரம் இருந்தது.

"மிஷின் எழுந்திருக்கும்போது என்னென்ன பண்ணுச்சுன்னு தானே எழுதி வெச்சுக்கற நாட்குறிப்பு இது," என்றாள் துருவி. "எழுந்ததும் முதல் வேலை டிஸ்க்குகளை எழுப்பறது. அந்த வேலை ஸ்டோரேஜ் டிரைவர்னு ஒரு சின்ன புரோகிராமுக்கு. இங்க மூணு இடம் இருக்கு. முதல் இடம், உடனே பதில். ரெண்டாவது இடம், உடனே பதில். மூணாவது இடத்தைப் பாரு, ஊசி."

ஊசி எட்டிப் பார்த்தாள். மூணாவது இடத்தின் பெயரில் ஒரே சங்கதி திரும்பத் திரும்ப இருந்தது. எழுப்பினேன், பதில் இல்லை. பொறுத்தேன். மறுபடி எழுப்பினேன், பதில் இல்லை. அப்படியே ஒரு திரை முழுக்க. கடைசியில் ஒரு வரி, விட்டுவிட்டேன் என்று.

"பாவம், என் பொழைப்பும் இதேதான்," என்றாள் ஊசி. "தினமும் காலைல அண்ணனை எழுப்பற டிரைவர் நான்தானே."

"அவர் வெளியூர் போன நாள்ல எழுப்புவியா?"

"ஆளே இல்லாத கட்டிலை எதுக்கு எழுப்பணும்? கட்டில் காலியா இருந்தா நான் பாட்டுக்குப் போயிடுவேன். ஆள் படுத்திருந்து பதில் சொல்லலைன்னாதானே மல்லுக்கட்டறது?"

"அவ்வளவுதான் விஷயம்," என்று துருவி முதலாளியின் பக்கம் கையை நீட்டினாள். "பெட்டிச் சாவி."

அவர் தயங்கிவிட்டுக் கொடுத்தார். துருவி மிஷினை அணைத்து, இரும்புப் பெட்டியைத் திறந்து, மூணாவது தட்டை இழுத்தாள். டிஸ்க்கின் முதுகில் சுத்தியலால் போட்ட மாதிரி ஒரு பள்ளம். அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, காலித் தட்டோடு மிஷினைப் போட்டாள்.

"நாற்பத்தொரு விநாடி!" ஊசிக்கே ஆச்சரியம்.

"பார்த்தீங்களா?" முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். "நான் சொன்னதுதானே! இவ உடைச்சிருக்கா, அதான் மிஷின் படுத்துடுச்சு. எழுதுங்க!"

"எழுதலாம். என்னிக்குப் படுத்துச்சுன்னு தேதி போட வேண்டாமா?"

துருவி நாட்குறிப்பைப் பின்னால் புரட்டினாள். இருபத்தொண்ணாம் தேதி காலை, ஆறு நிமிடம். இருபது, ஆறு நிமிடம். பத்தொன்பது, பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமையை விட்டுப் பதினாறு, பதினைந்து, எல்லாம் ஆறு நிமிடம். பதினாலாம் தேதி காலை, ஆறு நிமிடம். பதிமூணாம் தேதி காலை, நாற்பத்து மூன்று விநாடி.

ஊசி தகரப் பெட்டியை விட்டு அரை அடி எழும்பி, அண்ணியின் முறைப்பைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். "அப்படின்னா இது உடைஞ்சதா நீங்க சொல்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே பதில் சொல்லலை! வெளிய இருக்கற பட்டியலைப் பார்த்தேன். டைப்பிஸ்ட் அம்மா பதினாலுலேருந்து பத்தொன்பது வரைக்கும் லீவு. பதினாலாம் தேதி காலைல இவங்க இங்க இல்லவே இல்லை. ஆள் தப்பு சார், புகாரைக் கிழிச்சுப் போடுங்க!"

அவளுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. டைப்பிஸ்ட்டின் முகத்தில் அந்தக் குளிர்ச்சி வரும் என்று திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. அங்கே இருந்தது பயம், முன்பைவிட அதிகமாக.

"அவசரப்படாத, ஊசி," என்றாள் துருவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதிமூணாம் தேதிக்கு ரெண்டு பக்கம் இருக்கு. காலைல ஒரு தடவை மிஷினைப் போட்டிருக்காங்க. சாயங்காலம் ஏழு பத்துக்கு யாரோ அணைச்சு மறுபடி போட்டிருக்காங்க. அந்தத் தடவைதான் முதல் முதலா ஆறு நிமிஷம். அன்னிக்குக் கடைசியா வெளியே போனது யாருன்னு வருகைப் பதிவுல இருக்கு." அவள் நிதானமாகத் திரும்பினாள். "ஏழு இருபத்தஞ்சு. டைப்பிஸ்ட்."

நிலையில் சாய்ந்திருந்தவளின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஊசிக்கு அண்ணியின் மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. துப்பு கண்டுபிடிக்கத்தான் வந்தோம், வாஸ்தவம். அதற்காக இப்படிப்பட்ட ஒரு மனுஷனிடமா, இப்படிப்பட்ட ஒரு பொம்பளையைப் பிடித்துக் கொடுப்பது? "அண்ணி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வாயை மூடு," என்றாள் துருவி.

முதலாளி இப்போது சிரித்தார். வந்ததிலிருந்து முதல் தடவை. "நான் ஆளைப் பார்த்தே சொல்லிடுவேன். பதினாறு வருஷம் பாலை ஊத்தி வளர்த்தேன், கொத்திடுச்சு. எழுதுங்க மேடம், எழுதுங்க. போலீஸ் வர்ற நேரம்."

"எழுதறேன். உங்க புகாரைக் குடுங்க, தேதியெல்லாம் ஒத்துப் போகணுமில்லையா?" அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததைத் துருவி படித்தாள். "மூணாவது பத்தில இருபதாம் தேதி சாயங்காலம் பழைய அளவுகளைத் திறந்து பார்த்ததா எழுதியிருக்கீங்க. யாராவது சொன்னதா, நீங்களே பார்த்ததா?"

"நானே பார்த்தேன். இதே மிஷின், இதே நாற்காலி. இந்த ரெண்டு கண்ணால."

"டிஸ்க் வேலை செஞ்சுது?"

"ஜோரா வேலை செஞ்சுது. கயிறு தேய்மானம் இல்லைன்னு இருந்ததைப் படிச்சேன்."

"அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு யாரும் மாத்திப் பேச முடியாது."

அவர் பேனாவை எடுத்தார். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். துருவி அந்தத் தாளை வாங்கி, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ சொல்லுங்க. பதிமூணாம் தேதி சாயங்காலத்திலேருந்து மூணாவது இடம் ஒரு தடவை கூட வாயைத் திறக்கலை. இருபதாம் தேதி காலைலயும் இல்லை, இருபத்தொண்ணாம் தேதி காலைலயும் இல்லை. நடுவுல இருபதாம் தேதி சாயங்காலம் உங்களுக்கு மட்டும் எப்படிப் படிச்சுக் காட்டுச்சு?"

முதலாளி துருவியின் பையையே பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை ஊசி பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில் பார்த்தது இன்றைக்குத்தான்.

"தே... தேதி மாறியிருக்கும். பன்னிரண்டாம் தேதி பார்த்திருப்பேன். வயசாயிடுச்சு, எல்லாம் ஞாபகம் இருக்குமா? எப்படியோ, பதிமூணாம் தேதி உடைச்சது இவதான்னு நீங்களே சொன்னீங்க!"

"உடைச்சாங்கன்னு நான் எப்போ சொன்னேன்?" துருவி நசுங்கிய டிஸ்க்கை எடுத்து அதன் வயிற்றில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினாள். "இது 9028-ல முடியுது. பதிமூணாம் தேதி காலைல மூணாவது இடத்துல பதில் சொன்ன டிஸ்க், நாட்குறிப்புல தன் எண்ணைச் சொல்லியிருக்கு. 4471. இது வேற ஆள். நல்ல டிஸ்க்கை எடுத்துட்டு, அதே கம்பெனியோட செத்த டிஸ்க் ஒண்ணை அந்த இடத்துல படுக்க வெச்சிருக்காங்க. தட்டைக் காலியா விட்டிருந்தா மிஷின் எப்பவும் போல எழுந்திருக்கும், ஒரு ஈ காக்காய்க்கும் தெரிஞ்சிருக்காது. பார்க்கறவங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு ஒரு பிணத்தை வெச்சாங்க. டிரைவர் தினமும் ஆறு நிமிஷம் அந்தப் பிணத்தை எழுப்பிப் பார்த்துட்டு இருந்திருக்கு."

"அதையும் இவதான்..."

"இவங்கதான். அதை மறுக்கலை. ஆனா இதோட முதுகுல இந்தப் பள்ளம் யார் போட்டது?" துருவியின் குரல் உயரவில்லை. அதுதான் ஊசிக்குப் பயமாக இருந்தது. "பிணத்தைக் கொண்டு வந்து வெச்சவங்களுக்கு அது பிணம்னு தெரியும். அவங்க எதுக்கு அதைச் சுத்தியலால அடிக்கணும்? செத்த பாம்பை அடிக்கறவன், அது செத்தது தெரியாதவன் ஒருத்தன்தான். பெட்டிக்குச் சாவி ரெண்டே ரெண்டுன்னு சொன்னதும் நீங்கதான்."

முதலாளி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "என் ஆபீஸ்ல நின்னுட்டு என்னையே... வெளிய போங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க!"

"போறோம். ஒரே ஒரு கேள்வி. இந்த ஆபீஸ்ல செத்துப்போன டிஸ்க்கையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

அவர் கண் தன்னால் போய்விட்டது, ஊசி உட்கார்ந்திருந்த தகரப் பெட்டியின் மேல்.

"தூக்கிப் போட மனசு வராதாம்," என்றாள் துருவி நாத்தனாரிடம். "கெட்டுப்போன ஒவ்வொண்ணுக்கும் தன் கையாலயே சீட்டு எழுதி ஒட்டி, மூடிக்கு உள்பக்கம் எண்ணோட பட்டியல் போட்டு வெச்சிருக்கார். 'செத்தவை அஞ்சு'. ஒவ்வொரு மாசமும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வேற. பட்டியல்ல 9028 இருக்கு, செத்துப்போனது போன வருஷம். அந்தப் பிணம் என் கையில இருக்கு. அப்போ பெட்டிக்குள்ள எத்தனை இருக்கணும்?"

"நாலு," என்றாள் ஊசி.

"நான் திறந்து எண்ணினேன். அஞ்சு இருக்கு. ஒண்ணுக்கு மட்டும் சீட்டு இல்லை."

முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த சாட்சி, தன் காலடியிலேயே, தான் எழுதிய பட்டியலுக்குள்ளேயே, பத்து நாளாக உயிரோடு கிடந்திருக்கிறது. வயதை மறந்து அவர் பாய்ந்தார். ஊசி இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்தாள்.

"கிட்ட வந்தீங்க, கூச்சல் போடுவேன்," என்றாள். "என் கூச்சல் எப்படி இருக்கும்னு அண்ணியைக் கேளுங்க."

"மூணு தெருவுக்குக் கேக்கும்," என்றாள் துருவி.

அவர் நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது. துருவி நாத்தனாரை எழுந்திருக்கச் சொல்லி, சீட்டு ஒட்டாத டிஸ்க்கை எடுத்து, மூணாவது தட்டில் செருகி, மிஷினைப் போட்டாள். நாற்பத்து மூன்று விநாடி. மூணாவது இடம் உடனே பதில் சொன்னது, தன் எண் 4471 என்று.

போன வருடத்து அளவுகள். கட்டடத்தின் பெயர், லிஃப்ட்டின் எண், தேதி. கயிற்றின் தேய்மானம் எல்லையைத் தாண்டிவிட்டது. கடைசி வரி இரண்டே வார்த்தை.

*ஓட்டக் கூடாது.*

"அதைப் பார்த்துச் சான்றிதழ் டைப் பண்ணினது நான்," என்றாள் டைப்பிஸ்ட்.

அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "அப்படியே டைப் பண்ணிக் கொண்டு போனேன். கிழிச்சுப் போட்டார். 'ஓட்டலாம்'னு அடிச்சுட்டு வான்னார். அடிச்சேன். என் விரல்தான். லிஃப்ட் விழுந்த பிறகு, வக்கீல் கேக்கறாருன்னு தெரிஞ்சதும் இவர் அந்த டிஸ்க்கை ஒழிச்சுடுவார்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா திருட்டு. அதனால இங்கயே மாத்தி வெச்சேன். எண்ணிக்கை சரியா இருந்தா இவர் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்."

"அதுக்கப்புறம் ஒரு வாரம் லீவு?" என்று கேட்டாள் துருவி.

"அந்த மூணு பேரும் இருக்கற ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். வாசல் பெஞ்சுல உட்கார்ந்துட்டுத் திரும்பி வந்துடுவேன். உள்ளே போய் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரலை."

ஊசி தகரப் பெட்டியை அவள் உட்காருவதற்காகத் தள்ளி வைத்தாள்.

துருவி மட்டும் இளகவில்லை. "இதைச் சொன்னா நீங்களும் பதில் சொல்லித்தான் ஆகணும். 'ஓட்டலாம்'னு அடிச்ச விரல் உங்களோடதுதான். அதுக்கு நான் மருந்து போட முடியாது."

"உங்களை யார் கேட்டா?" என்று டைப்பிஸ்ட் சீறினாள். பதினாறு வருடத்தில் அந்த ஆபீஸ் கேட்காத சீற்றம். "நீங்க இவருக்கு வேலை செய்ய வந்தவங்க. மருந்து போடறதுக்கு வரலை. தெரியும்."

"நல்லது," என்றாள் துருவி, கொஞ்சம் மரியாதையோடு.

மணி பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம். முதலாளி நாற்காலியில் சரிந்து கிடந்தார். சற்றுமுன் கத்திய முகம் இப்போது கெஞ்சலுக்கு மாறியிருந்தது. அந்த மாற்றம்தான் ஊசிக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"இதோ பாரும்மா. நடந்தது நடந்து போச்சு. போலீஸ் வந்தா தவறுதலா கூப்பிட்டுட்டோம்னு சொல்லி அனுப்பிடலாம். அந்த டிஸ்க்கை என்கிட்ட குடுத்துடு. வெளியாளுங்க பேச்சைக் கேக்காத. என் வீட்ல ஒருத்தின்னுதான் உன்னை நெனைச்சிருக்கேன். நீ எனக்குப் பொண்ணு மாதிரி."

டைப்பிஸ்ட் குனிந்து கைப்பையை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். மேஜைக்கு வந்து, துருவியைத் தள்ளிவிட்டு, மிஷினைத் தானே முறைப்படி அணைத்தாள். மூணாவது தட்டை இழுத்து டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

வாசலில் ஜீப் நிற்கிற சத்தம் கேட்டது. பூட்ஸ் கால்கள் படியேறின. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க பொண்ணா இருந்தா," என்று அவள் கேட்டாள், "எத்தனை மணிக்குப் போலீஸை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருப்பீங்க சார்?"

அவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. கதவு தட்டப்பட்டது. அவளே போய்த் திறந்தாள்.